ஒரு சொட்டுப் பிழை



சென்ற இதழ் உங்கள் கைக்கு மூன்று நாள் தாமதமாக வந்தது. தாள் வரவில்லை, அச்சகத்தில் இயந்திரம் நின்றுவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் தப்பு நடந்தது என் வீட்டுக் கூடத்தில். அங்கே மூன்றடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதிலுள்ள பவளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கி மூடிக்கொண்ட நாட்களில், மெய்ப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். “வீட்டுல ரெண்டு பேர் சாப்பிடாம கிடந்தாக்கூட இப்படிப் பார்க்க மாட்டீங்க” என்றாள் மனைவி. அதில் பொய்யில்லை.

இந்தத் தொட்டியைப் பற்றி முன்பு போகிற போக்கில் இரண்டு வரி எழுதப் போய், அதற்கு வந்த கடிதங்கள் சிறுகதைப் போட்டிக்கு வந்தவற்றைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தெம்பனிஸிலிருந்து ஒருவர், “என் ஹேமர் பவளம் ஒரு வாரமாக விரியவில்லை” என்று படத்தோடு எழுதியிருந்தார். ஜூரோங்கிலிருந்து ஒரு அம்மா, “பச்சையாக வாங்கினேன், பழுப்பாகிவிட்டது, கடையில் மாற்றித் தருவார்களா?” என்று கேட்டிருந்தார். இன்னொருவர், “வெளுத்துப்போன பவளத்துக்கு என்ன உரம் போடலாம்?” என்றார். உரம் கேட்டவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் கேள்வியில் பாதி சரி.

பவளம் ஒரு விலங்கு. நகைக்கடையில் நாம் வாங்கும் சிவப்புப் பவளத்துக்கு இது தூரத்து உறவு, அவ்வளவுதான். ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள், அடியில் தானே கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வீடு. இப்படிப்பட்ட சின்னஞ்சிறு பாலிப்புகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துதான் நாம் பார்க்கும் ஒரு துண்டு. உரம் என்ற கேள்வி பாதி சரி என்றேனே, அது ஏன் என்றால், இந்த விலங்கின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் அவை வெளிச்சத்தில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு இந்தக் குடித்தனக்காரர்களிடமிருந்துதான் வருகிறது. நிறத்திலும் பெரும்பாலும் அவர்கள் கைதான். அதனால் பவளம் நிறம் மாறினால் உள்ளே குடித்தனத்தில் ஏதோ தகராறு என்று வைத்துக்கொள்ளலாம்.

என் கதைக்கு வருகிறேன். முதலில் மூடியது ஸோவா. பொத்தான் பூ மாதிரி கூட்டமாக விரியும் மென்மையான இனம். அது சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம் என்பதால் கண்டுகொள்ளவில்லை. அடுத்து லெதர் என்ற தோல் பவளம் சுருங்கியது. லெதர் அவ்வப்போது மேல்தோலை மெழுகு மாதிரி உரித்துப்போடும். அதற்காக ஒரு வாரம்கூட மூடிக்கிடக்கும். அதுவும் நோயில்லை. மூன்றாவதாக ஹேமர் சுருங்கி, உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தபோதுதான் அடிவயிற்றில் கலக்கம்.

பிறகு நான் செய்தவற்றை வெட்கத்தோடு எழுதுகிறேன். பட்டினியோ என்று ஒரு புட்டி பவள உணவை ஊற்றினேன். வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கைக் கூட்டினேன். மறுநாள், வெளிச்சம் அதிகமோ என்று குறைத்தேன். நீரோட்டம் பிடிக்கவில்லையோ என்று ஹேமரை இடம் மாற்றினேன். தங்கை மகன் கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு அயோடின் விடச் சொன்னான், விட்டேன். ஐந்து நாளில் ஐந்து வைத்தியம். ஆறாம் நாள் மோன்டியின் விளிம்பும் வெளுக்கத் தொடங்கியது. தட்டுத் தட்டாக வளரும் ஊதா நிறத் துண்டு அது, மூன்று வருடம் வளர்த்தது. இப்போது நோயால் வெளுக்கிறதா, என் வைத்தியத்தால் வெளுக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

உட்லண்ட்ஸில் ஒரு அண்ணன் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இருபது வருடமாகத் தொட்டி வைத்திருப்பவர். கூப்பிட்டதும் எம்ஆர்டி பிடித்து வந்தார். பவளங்களின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணலைப் பார்த்தார்.

“நத்தையெல்லாம் ஏன் தம்பி கீழ கிடக்கு?”

பார்த்தேன். பாசி மேய்வதற்காகப் போட்ட எட்டு நத்தைகளில் ஒன்றுகூடக் கண்ணாடியில் இல்லை. எல்லாம் மணலில் கவிழ்ந்தும் சாய்ந்தும் கிடந்தன. மீன்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்ததால் என் கண் கீழே போகவே இல்லை.

“நோட்டு எழுதுவீங்கள்ல, குடுங்க.”

கொடுத்தேன். கால்சியம் 465. மெக்னீசியம் 1440. கே.ஹெச். 9.5. கடல்நீரில் கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம், மெக்னீசியம் 1300 பக்கம் இருக்கும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நான் அந்த எண்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தேன். அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறனைக் காட்டும் கே.ஹெச். 7 முதல் 11 வரை இருக்கலாம் என்பதால் அதையும் சந்தேகிக்கவில்லை. அண்ணன் விரலை வரிசையாக வைத்துக்கொண்டே போனார்.

“எல்லாமே ஒண்ணா ஏறியிருக்கே தம்பி. தனித்தனியா ஏறினா நீங்க ஊத்துற மருந்தைச் சந்தேகப்படணும். சேர்ந்து ஏறினா உப்பு.”

“உப்பு 35தான் அண்ணே. நேத்துக்கூடப் பார்த்தேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து தன் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தார். உப்பின் அளவு பார்க்கும் சின்னக் குழல். ஒரு முனையில் சரிவான கண்ணாடி, அதில் இரண்டு சொட்டு நீர் விட்டு மூடி, வெளிச்சத்தை நோக்கி மறுமுனையில் கண் வைத்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு அளவைக் காட்டும். ஒரே நீர்தான். என்னுடையது 35 என்றது, அவருடையது 39 என்றது.

எது பொய்? அவர் இன்னொரு பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்தார். 35 என்றே தயாரித்து விற்கும் அளவுத் திரவம் அது. என் கருவியில் அதை விட்டால் 31 காட்டியது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, வெளியே கிளம்பும் அவசரத்தில், ஆர்.ஓ. தண்ணீர் ஒரு சொட்டு விட்டுத் திருகைத் திருப்பி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது நினைவுக்கு வந்தது. முன்பு பார்த்த தொட்டி நீரின் ஈரத்தைத் துடைக்காமல் அதன் மேலேயே விட்டிருக்கிறேன். அந்தச் சொட்டில் ஏற்கெனவே உப்பு இருந்தது. உப்புள்ள சொட்டைப் பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அது நான்கு குறைத்தே காட்டியது. நானும் வாராவாரம் புது நீர் கலக்கும்போது “குறைகிறதே” என்று உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பது வருடம் பிழை திருத்திய கை இது. பிழை திருத்துபவன் கையில் இருக்கும் அகராதியே தப்பாக இருந்தால் புத்தகம் என்ன ஆகும்!

வைத்தியம் எளிது, பொறுமைதான் கஷ்டம். என் தொட்டியில் பாறை, மணல் போக 180 லிட்டர் நீர். தினமும் இரண்டு லிட்டர் எடுத்துவிட்டு இரண்டு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் விடவேண்டும், பத்து நாளில் 35க்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். “ஒரே நாள்ல இறக்கிடலாமே அண்ணே” என்றேன். “மூணு மாசமா ஏத்தினது தம்பி” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: பத்து நாளும் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. விளக்கு, உணவு, இடம் எதுவும். அந்தப் பத்து நாளில்தான் இதழ் தாமதமானது.

இனி உங்கள் கடிதங்களுக்கு. எல்லாருக்கும் உப்புதான் காரணம் என்று சொல்லவரவில்லை. ஆனால் கருவியை முதலில் சந்தேகப்படுங்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் தவறலாம், அதனால் அளவுத் திரவத்தை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் பெட்டி வைத்திருப்பவர்கள் முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு குமிழி போதும் கணக்கு மாற. இன்னொரு தப்பு, தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்ததும் உப்புநீரை ஊற்றி நிரப்புவது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும். நிரப்ப வேண்டியது வெறும் ஆர்.ஓ. தண்ணீர்.

குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. நம் பொதுப் பயனீட்டுக் கழகக் குழாய் நீரைத் தைரியமாகக் குடிக்கலாம், பவளத்துக்குத்தான் ஆகாது. கிருமி நீக்கக் குளோரமின் கலந்திருக்கிறது. ஊரில் அப்பா வாளியில் ஒருநாள் வைத்துக் குளோரினைப் போக்கியது போல இதைப் போக்க முடியாது. கரி வடிகட்டி, ஆர்.ஓ., அதன்பின் அயனிகளைப் பிடிக்கும் பிசின் என்று மூன்றையும் தாண்டி வரவேண்டும்.

வெளுத்துவிட்டது என்று எழுதியவர்களுக்கு ஒரு கேள்வி. சதை இருக்கிறதா, இல்லையா? எல்லாமே அதில்தான் இருக்கிறது. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை எலும்புக்கூட்டின் மேல் கண்ணாடி மாதிரிச் சதை தெரிந்தால், உணர்கொம்பு லேசாக அசைந்தால், பவளம் உயிரோடுதான் இருக்கிறது. குடித்தனக்காரப் பாசிகள் வெளியேறிவிட்டன, அவ்வளவுதான். வெப்பமோ திடீர் வெளிச்சமோ காரணமாக இருக்கலாம். புது எல்இடி விளக்கை வாங்கிய அன்றே முழு வெளிச்சத்தில் எரியவிட்டவர்கள் கை தூக்குங்கள். குறைவாகத் தொடங்கி வாரக்கணக்கில் கூட்ட வேண்டும். இப்படி வெளுத்ததை நிழலான இடத்துக்கு மாற்றி, நுண்ணிய உணவு கொடுத்துக் காத்திருந்தால் மாதக்கணக்கில் நிறம் திரும்பலாம்.

சதையே உரிந்து போயிருந்தால் கதை வேறு. வெறும் சுண்ணாம்பு பளிச்சென்று தெரியும், சில நாளில் அதன்மேல் பச்சைப் பாசி ஏறிவிடும். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா இனத்தில் இது ஒரே நாளில் துண்டு முழுவதையும் முடித்துவிடும். அப்போது யோசிக்க நேரமில்லை, இன்னும் நல்லாயிருக்கும் நுனிகளை வெட்டி எடுத்துத் தனியாக ஒட்டி வைப்பதுதான் வழி. உரிதல் அடியிலிருந்து மெதுவாக ஏறி வந்தால் கே.ஹெச். ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் 1க்கு மேல் அது மாறக் கூடாது. அளவு எட்டா ஒன்பதா என்பதைவிட, நேற்றும் இன்றும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் பவளத்துக்கு முக்கியம். ஹேமர், டார்ச் பவளங்கள் மேல் பழுப்பு நிறக் கூழ் படிந்தால் அது தொற்று. உடனே எடுத்துத் தனிப் பாத்திரத்தில் வைத்துக் கூழை உறிஞ்சி அகற்றுங்கள். தொட்டிக்குள்ளேயே ஊதிவிட்டால் பக்கத்துத் துண்டுக்கும் பரவும்.

ஜூரோங் அம்மாவுக்கு: பழுப்பானால் கடையில் மாற்ற மாட்டார்கள். வெளிச்சம் குறைந்தோ, நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடியோ உள்ளே பாசி பெருகிவிட்டது என்று அர்த்தம். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பயந்துபோய் பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். துளிகூட இல்லாத நீரில் பவளம் பட்டினியால் வெளிறும், மணலில் குமிழியோடு பழுப்புச் சளி மாதிரி ஒன்று படரும். அதை விரட்டுவது இதைவிடப் பெரிய பாடு.

அண்டை வீட்டுச் சண்டையை மறந்துவிட்டேனே. பகலில் அழகாக அடங்கி நிற்கும் டார்ச், கலாக்ஸியா போன்றவை இரவில் நீளமான கொட்டும் கொம்புகளை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் சதை கருகியிருந்தால் விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு விளக்கோடு போய்ப் பாருங்கள். கொள்ளைக்காரனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். லெதருக்குக் கை நீளாது, நீரில் இரசாயனத்தைக் கலந்து பகை தீர்க்கும். அதற்கு வடிகட்டியில் கரி போட்டு மாற்றிக்கொண்டே இருப்பதுதான் மருந்து. அதே இரவு விளக்கில் மோன்டியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அரிசி நுனி அளவு வெள்ளை நிற ஓடில்லா நத்தை மேய்ந்துகொண்டிருக்கலாம். மருந்துக் குளியல் நத்தையைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் ஒருமுறை குளிப்பாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

குளிரூட்டியைப் போட்டுக் கதவு சன்னல்களை அடைத்து வாழும் நம் அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு சிக்கல். நாம் விடும் மூச்சு அறையிலேயே தங்குவதால் நீரின் பி.ஹெச். இறங்கும். சந்தேகமா? ஒரு கோப்பை தொட்டி நீரைத் தாழ்வாரத்தில் வைத்து ஒரு மணி நேரம் காற்றுக்குமிழி விட்டு அளந்து பாருங்கள். பி.ஹெச். ஏறினால் பழி நீரின் மேல் இல்லை, அறைக் காற்றின் மேல்தான். சன்னலைத் திறக்கலாம், ஆனால் தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் மூச்சு வாங்கும். 25, 26 டிகிரியில் தொட்டியை வைத்திருக்க இந்த ஊரில் சில்லர் இல்லாமல் ஆகாது. நின்றால் 30ஐத் தொட அதிக நேரம் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸோவா, பாலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றவோ கொதிக்க வைக்கவோ கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரண்டு மடங்கு கவனம்.

பி.ஹெச். பற்றிச் சொன்னேனே, அதை ஏற்ற நான் இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது சுண்ணாம்புத் தெளிவுநீர். லிட்டருக்கு ஒன்றரை கிராம் தூய கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்து, தெளிந்ததை மட்டும் எடுப்பது. ஜெர்மன் பெயரில் கால்க்வாசர் என்று புட்டியில் போட்டு விற்கிறார்கள். முதன்முதலில் கலக்கியபோது அம்மா எட்டிப் பார்த்து, “வெத்தலைக்கா?” என்றார். கடல் பூச்சிக்கு என்றதும் நெடுநேரம் பேசவில்லை. அம்மா கீழக்கரைக்காரர். கடலிலிருந்து முருகைக் கல்லைப் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து காளவாயில் போட்டுச் சுண்ணாம்பு சுட்டதைச் சின்ன வயதில் பார்த்தவர். அப்படித் தோண்டித் தோண்டி மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. 2001இல்தான் இந்தியச் சட்டம் கல் பவளங்களைப் புலிக்கு இணையான முதல் அட்டவணையில் சேர்த்தது. ஊருக்குப் போகும் வாசகர்கள் இராமேசுவரம் கரையில் கிடந்ததே என்று ஒரு துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். சுண்ணாம்புக்காகப் பவளத்தைச் சுட்ட ஊர்க்காரியின் மகன் பவளத்துக்குச் சுண்ணாம்பு ஊட்டுகிறான் என்று இப்போது அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

இங்கேயும் பவளத்துக்குக் கஷ்டம்தான். சிங்கப்பூர்க் கடலில் 250க்கு மேற்பட்ட கல் பவள இனங்கள் உள்ளன. நம் கண்ணில் படாததால் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். 1998, 2010, 2016, பிறகு 2024 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் அவை வெளுத்தன. தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளங்களை நடும் திட்டத்தை 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. என் தொட்டியில் வெப்பம் கூடினால் சில்லரைத் திருகலாம். சிஸ்டர்ஸ் தீவைச் சுற்றியுள்ள பவளத்துக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வாங்கும்போது கடலிலிருந்து வெட்டி வந்ததா, தொட்டியில் வளர்த்த துண்டா என்று கேட்டு, தொட்டியில் வளர்ந்ததையே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியதாக வரும்.

என் தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஐந்தாம் நாள் இரவு ஒரு நத்தை கண்ணாடியில் ஏறியது. எட்டாம் நாள் லெதர் தோல் உரித்தது. ஹேமர் இரண்டு வாரம் கழித்துப் பாதி விரிந்தது, இப்போது முக்கால். மோன்டியின் வெளுத்த விளிம்பு திரும்பவில்லை, அங்கே பாசி ஏறிவிட்டது. உள்பக்கம் ஊதா இருக்கிறது. ஸோவாவில் நாலைந்து தலைகள் போயின. நான் ஊற்றிய உணவுப் புட்டியின் புண்ணியத்தில் பாஸ்பேட் இன்னும் இறங்கவில்லை, அதற்கு ஒரு மாதம் ஆகும் என்கிறார் அண்ணன்.

அளவுத் திரவம் ஒரு புட்டி வாங்கினேன். எனக்கு வேண்டியது நாலு சொட்டு, புட்டி நிறைய மீதி இருக்கிறது. வைத்திருந்தால் ஆவியாகி அதுவும் பொய் சொல்லத் தொடங்கும். அடுத்த சனிக்கிழமை மாலை நான்கிலிருந்து ஆறு வரை அலுவலகத்தில்தான் இருப்பேன். உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரைத் துடைத்து எடுத்து வாருங்கள், சரிபார்த்துத் தருகிறேன். உட்லண்ட்ஸ் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தொட்டி நீர் ஒரு சின்னப் புட்டியில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது, மூடியை இறுக்கி மூடுங்கள். முன்பு ஒருவர் கொண்டுவந்தது முழுக்கக் கவிதைக் கட்டின் மேல் கொட்டிவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்